இரண்டாம் மொழியில் எழுத்து: திருத்துவது யார், கற்பது யார்?

ஒரு மாணவரின் கட்டுரையில் 28 பிழைகள். ஆசிரியர் ஒன்றையும் விடாமல் சிவப்பு மையால் அடித்து, சரியான வடிவத்தை மேலே எழுதி, கீழே 10-க்கு 5 போட்டுத் திருப்பித் தருகிறார். மாணவர் அந்த ஐந்தைப் பார்க்கிறார், பக்கத்தில் இருப்பவருக்கு எத்தனை என்று எட்டிப் பார்க்கிறார், நோட்டை மூடிவிடுகிறார். அடுத்த கட்டுரையிலும் அதே பிழைகள் வருகின்றன. ஆசிரியருக்குச் சலிப்பு, மாணவருக்கு வெறுப்பு.

இங்கே யாரும் சோம்பேறி இல்லை. வேலை தவறான ஆளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பிழையைக் கண்டுபிடித்தவர் ஆசிரியர். அது காலப் பிழையா, வேற்றுமைப் பிழையா என்று முடிவு செய்தவரும் அவரே. சரியான வடிவத்தை நினைவிலிருந்து தேடி எடுத்ததும் அவர்தான். மொழி மனதில் பதிவது இந்த மூன்று வேலைகளின்போதுதான். மாணவருக்கு மிஞ்சியது பார்வையிடுவது மட்டும். சேர்ந்து எழுதுவதும் பின்னூட்டம் தருவதும் பெறுவதும் ஏன் உதவுகின்றன, எப்போது உதவாமல் போகின்றன என்பதை இந்தக் கோணத்தில் பார்த்தால் பெரும்பாலும் புரிந்துவிடும்.

கட்டுரையில் வரும் எடுத்துக்காட்டுகள் தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பவர்கள் எழுதும் வாக்கியங்களை ஒட்டியவை. முறை எந்த மொழிக்கும் பொருந்தும்.

தாய்மொழிக்காரருக்கு இருப்பது, கற்பவருக்கு இல்லாதது

தாய்மொழியில் எழுதுபவர் 'அவர்கள் வந்தான்' என்று தவறி எழுதிவிட்டாலும், ஒருமுறை வாசித்தால் காது உறுத்தும். எந்த விதியும் தெரியாமலே மாற்றிவிடுவார். இரண்டாம் மொழியில் எழுதுபவருக்கு அந்த உறுத்தல் இல்லை. தான் எழுதியதைத் தானே பத்து முறை வாசித்தாலும் பிழை கண்ணில் படாது, ஏனென்றால் எந்த அறிவு குறைந்ததால் பிழை வந்ததோ அதே அறிவை வைத்துத்தான் அதைத் தேடவும் வேண்டியிருக்கிறது.

இதோடு கவனப் பற்றாக்குறையும் சேர்கிறது. என்ன சொல்வது, எந்த வரிசையில் சொல்வது, எந்தச் சொல், என்ன விகுதி, ற-வா ர-வா என்று எல்லாம் ஒரே நேரத்தில் மண்டையில் ஓடுகின்றன. விகுதியை யோசிப்பதற்குள் சொல்ல வந்தது நழுவிவிடும். கருத்தைப் பிடித்துக்கொண்டால் விகுதி போய்விடும். பேச்சில் என்றால் எதிரில் இருப்பவர் முகத்தைச் சுளிப்பார், 'என்ன?' என்பார். உடனே மாற்றிச் சொல்லலாம். தாளுக்கு முகம் கிடையாது.

தமிழ் போன்ற மொழியில் இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டில் தமிழ் பேசி வளர்ந்து எழுத்தை மட்டும் பள்ளியில் கற்கும் பிள்ளைக்குக் காது இருக்கிறது. ஆனால் அது பேச்சு வழக்குக்கான காது. 'எடுக்கல', 'சோகமா' என்பவை அந்தக் காதுக்குச் சரியாகவே கேட்கும். பூஜ்யத்திலிருந்து கற்பவர் செய்யும் பிழையும் இந்தப் பிள்ளை செய்யும் பிழையும் வேறுவேறு. இருவருக்கும் ஒரே மாதிரித் திருத்தம் போடுவது பலன் தராது.

கனடாவில் பிரெஞ்சு வழியாகப் பாடங்களைப் படித்த ஆங்கிலப் பிள்ளைகளைக் கவனித்த மெரில் ஸ்வெயின், 1985-இல் ஒரு முக்கியமான கருத்தை முன்வைத்தார். ஆண்டுக்கணக்கில் பிரெஞ்சைக் கேட்டும் படித்தும் நன்றாகப் புரிந்துகொண்ட அந்தப் பிள்ளைகள், பேசும்போதும் எழுதும்போதும் இலக்கணத்தில் தடுமாறிக்கொண்டே இருந்தார்கள். கேட்டுப் புரிந்துகொள்ளும்போது பொருளை ஊகித்துவிடலாம், விகுதியைக் கவனிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சொந்தமாக ஒரு வாக்கியத்தை உருவாக்கும்போதுதான் 'இதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லையே' என்ற இடைவெளி கண்ணில் படுகிறது. அந்த இடைவெளியைக் காட்டுவதற்கு எழுத்தைவிட நல்ல கருவி இல்லை. அதை அடைப்பதற்கு இன்னொரு ஆள் வேண்டும்.

ஒரு தாள், இரண்டு பேர்

இருவர் சேர்ந்து ஒரு பத்தி எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்படி ஒரு பேச்சு நடக்கும்:

"'மழையால் நாம் வெளியே போகவில்லை' என்று எழுது."
"நாமா, நாங்களா?"
"ரெண்டும் ஒண்ணுதானே?"
"இல்ல. இதைப் படிக்கிறவர் நம்மகூட வரலையே. அவரையும் சேர்த்தாதான் நாம்."
"அப்போ நாங்கள்."

பத்து விநாடிப் பேச்சு. ஆனால் ஒருவர் தனியாக எழுதியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. 'நாம்' என்று எழுதிவிட்டு நகர்ந்திருப்பார். சேர்ந்து எழுதும்போது ஒவ்வொரு தேர்வையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. மற்றவர் கேட்டால் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. மொழியைப் பற்றியே மாணவர்கள் பேசும் இப்படிப்பட்ட துணுக்குகளை ஸ்வெயினும் ஷாரன் லாப்கினும் 1990-களில் நுணுக்கமாகப் பதிவுசெய்து ஆராய்ந்தார்கள். கற்றல் நிகழும் இடத்தையே இந்தப் பேச்சில் பார்க்கலாம் என்பது அவர்கள் வாதம். அதன் வேர் சோவியத் உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கியிடம் (1896–1934) இருக்கிறது: இன்று பிறர் துணையோடு செய்ய முடிவதை நாளை தனியாகச் செய்ய முடியும்.

சேர்ந்து எழுதினால் எழுத்து நன்றாக வருமா? ஆஸ்திரேலியாவில் ஆங்கிலம் கற்ற பல்கலைக்கழக மாணவர்களை வைத்து நியோமி ஸ்டோர்ச் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், இணையாக எழுதியவர்களின் கட்டுரைகள் தனியாக எழுதியவர்களுடையதைவிடச் சிறியவை. ஆனால் கேட்டதற்குப் பொருந்தி வந்ததிலும் இலக்கணத் துல்லியத்திலும் வாக்கியச் செறிவிலும் மேலாக இருந்தன. சிறிய ஆய்வுதான். வகுப்பில் கண்ணால் பார்ப்பதும் இதுவே: இருவர் எழுதினால் மெதுவாகப் போகும், குறைவாக வரும், வருவது தேறும். எனவே இணைக்கு 100 முதல் 150 சொற்களுக்கு மேல் கேட்காமல் இருப்பதும், அதற்கு 35, 40 நிமிடம் விடுவதும் நல்லது. தனியாள் கட்டுரையின் அளவையே இணைக்கும் வைத்தால், நேரம் போதாமல் பேச்சை விட்டுவிட்டு எழுத்தில் இறங்கிவிடுவார்கள். நமக்கு வேண்டியதோ அந்தப் பேச்சுதான்.

எந்த இணையும் பலன் தரும் என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்டோர்ச் 2002-இல் நான்கு விதமான இணைகளைப் பிரித்துக் காட்டினார். இருவரும் சமமாக ஈடுபட்டு ஒருவர் கருத்தை மற்றவர் எடுத்துக்கொண்டு வளர்க்கும் இணை ஒன்று. இருவரும் பிடிவாதமாகத் தத்தம் சொல்லையே நிறுத்தப் பார்க்கும் இணை இன்னொன்று. ஒருவர் ஓட்ட மற்றவர் ஊமையாக உட்கார்ந்திருப்பது மூன்றாவது. கூடுதலாகத் தெரிந்தவர் விளக்கிச் சொல்லி, மற்றவரைக் கேள்வி கேட்டு உள்ளே இழுப்பது நான்காவது. முதல் வகையிலும் நான்காவது வகையிலும்தான் சேர்ந்தபோது கற்றது பிறகு தனியாக எழுதும்போதும் கைக்கு வந்தது. மூன்றாவது வகையும் வகுப்புகளில் முளைப்பதுண்டு. வெளியிலிருந்து பார்த்தால் அமைதியாக, ஒழுங்காக வேலை நடப்பது போலவே தெரியும் என்பதால் ஆசிரியர் கடந்து போய்விடுவார்.

அதைத் தடுக்கச் சில ஏற்பாடுகள் உண்டு. ஒரு இணைக்கு ஒரே தாள், ஒரே பேனா. பேனா பெரும்பாலும் குறைவாகப் பேசுபவர் கையில் இருக்கட்டும். நிறையத் தெரிந்தவர் பேனாவையும் பிடித்துக்கொண்டால் மற்றவருக்கு வேலை இல்லை. பேனா இல்லையென்றால் அவர் வாயால் விளக்கியே ஆக வேண்டும். பத்திக்கொரு முறை கை மாற்றலாம். தரத்தில் முதல் மாணவரையும் கடைசி மாணவரையும் இணைப்பது தரும காரியம் போலத் தோன்றும், நடைமுறையில் ஒருவர் சொல்ல மற்றவர் எழுதும் டிக்டேஷனாக முடியும். ஒரு படி முன்னேபின்னே இருப்பவர்களை இணைப்பதே நல்லது. மூவர் இருந்தால் சமாளிக்கலாம். நால்வர் என்றால் ஒருவர் நிச்சயம் ஜன்னலைப் பார்ப்பார்.

இணையத்தில் ஒரே கோப்பைத் திறந்து எழுதச் சொன்னால் வேறொரு சிக்கல் வரும். 'நீ முதல் பத்தி, நான் இரண்டாம் பத்தி' என்று பங்கு பிரித்து, கடைசியில் ஒட்டிவிடுவார்கள். அது கூட்டு எழுத்து இல்லை, பாகப்பிரிவினை. திட்டத்தையும் முதல் பத்தியையும் நேரில் பேசி எழுதவைத்து, பிறகு ஒவ்வொருவரும் மற்றவர் எழுதிய பத்தியில் குறைந்தது இரண்டு மாற்றமாவது செய்ய வேண்டும் என்று விதி வைத்தால் ஓரளவு சரியாகும். யார் எதை மாற்றினார் என்று கோப்பின் பழைய பதிப்புகளில் பார்த்துக்கொள்ளலாம்.

பேசும்போது தாய்மொழிக்குத் தடை போட வேண்டாம். எழுதும் மொழி இரண்டாம் மொழியாக இருந்தால் போதும். 'இந்த வாக்கியத்தில் எழுவாய் எது' என்று விவாதிக்கும் அளவுக்கு இரண்டாம் மொழி கைவராதவரிடம் அதிலேயே விவாதி என்றால், அவர் விவாதத்தையே விட்டுவிடுவார்.

தொடங்குபவர்களுக்கு எளிதான ஒரு பயிற்சி டிக்டோகிளாஸ். ஆசிரியர் 60 முதல் 80 சொற்கள் கொண்ட ஒரு பத்தியைச் சாதாரண வேகத்தில் வாசிப்பார். முதல் முறை வெறுமனே கேட்க வேண்டும். இரண்டாம் முறை முக்கியச் சொற்களை மட்டும் குறித்துக்கொள்ளலாம், முழு வாக்கியத்தைப் பிடிக்க நேரம் இருக்காது, இருக்கவும் கூடாது. பிறகு இருவரோ மூவரோ சேர்ந்து அந்தப் பத்தியைத் தங்கள் இலக்கணத்தில் மறுபடி கட்டுவார்கள். கடைசியில் மூலத்தோடு ஒப்பிடுவார்கள். கருத்தைத் தேட வேண்டிய சுமை இல்லாததால் கவனம் முழுக்க விகுதியிலும் உருபிலும் விழும். ஆசிரியர் இரண்டு முறைக்கு மேல் வாசித்தாலோ, மிக மெதுவாக வாசித்தாலோ இது சொல்வதெழுதுதல் ஆகிவிடும்.

சக மாணவர் சொல்வதில் என்ன இருக்கிறது?

'அவனுக்கே சரியாக எழுத வராது, அவன் எப்படி என் கட்டுரையைத் திருத்துவான்?' இது மாணவர்கள் எப்போதும் கேட்பது, பெற்றோரும் கேட்பது. நியாயமான கேள்வி. ஆனால் பலன் யாருக்கு என்பதில்தான் தவறான எண்ணம்.

கிறிஸ்டி லண்ட்ஸ்ட்ராமும் வெண்டி பேக்கரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. ஆங்கிலம் கற்கும் மாணவர்களில் ஒரு பிரிவினர் மாதிரிக் கட்டுரைகளைப் படித்துக் கருத்துச் சொல்ல மட்டும் பழகினார்கள். இன்னொரு பிரிவினர் வந்த கருத்துகளை வைத்துக் கட்டுரையைத் திருத்த மட்டும் பழகினார்கள். பருவ முடிவில் தங்கள் சொந்த எழுத்தில் கூடுதலாக முன்னேறியவர்கள் கருத்துச் சொல்லிப் பழகியவர்கள்தான். பிறர் எழுத்தில் குறையைக் காணும் கண், மெல்லத் தன் எழுத்தின் மேலும் திரும்புகிறது. தன்னுடையதைப் படிக்கும்போது மனதில் இருப்பது தாளில் இருப்பதாகத் தோன்றும், பிறருடையதில் அந்த மயக்கம் இல்லை.

ஆனால் பழக்காமல் தாளை மாற்றிக்கொள்ளச் சொன்னால் இரண்டில் ஒன்று நடக்கும். 'நல்லா இருக்கு' என்று எழுதி முடிப்பார்கள், அல்லது எழுத்துப்பிழைகளை மட்டும் வேட்டையாடுவார்கள். முதலாவது மரியாதையால் வருவது. நண்பனின் முகம் வாடக் கூடாது என்ற எண்ணம் பல சமூகங்களில் ஆழமானது. சீன மாணவர்கள் எழுத்துக் குழுக்களில் குறை சொல்லாமல் தவிர்த்ததை 1990-களிலேயே ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். இரண்டாவது, வேறு எதைப் பார்ப்பது என்று தெரியாததால் வருவது.

தைவானில் ஆங்கிலம் கற்பித்த ஹுய்-ட்ஸு மின் பயன்படுத்திய நான்கு படிகள் எளிமையானவை, எந்த வயதினருக்கும் சொல்லித்தரக் கூடியவை. முதலில், எழுதியவர் என்ன சொல்ல வந்தார் என்று கேள். பிறகு சிக்கல் எங்கே என்று காட்டு. அது ஏன் சிக்கல் என்று விளக்கு. கடைசியாக, மாற்ற ஒரு வழி சொல். 'இந்தப் பத்தி குழப்பமா இருக்கு' என்பது இரண்டாம் படியின் பாதியிலேயே நின்றுவிடுகிறது. 'அவன் என்று மூன்று இடத்தில் வருகிறது. நண்பனா, தம்பியா? நான் தம்பி என்று நினைத்துப் படித்தேன், நான்காம் வரியில் பொருந்தவில்லை. அந்த இடத்தில் மட்டும் பெயரைப் போட்டுப் பார்' என்றால் நான்கு படியும் வந்துவிட்டன. வாசகருக்கு எங்கே இடறியது என்று சொல்வதற்குப் பெரிய மொழிப்புலமை தேவையில்லை என்பதையும் கவனியுங்கள்.

இதைப் பழக்க, முதல் இரண்டு சுற்றுகளில் வகுப்பில் யாருடைய கட்டுரையையும் எடுக்க வேண்டாம். ஆசிரியர் தாமே எழுதிய, வேண்டுமென்றே குறை வைத்த ஒரு மாதிரியைப் பலகையில் போட்டு எல்லோரும் சேர்ந்து கருத்துச் சொல்லட்டும். புண்படுவதற்கு ஆள் இல்லையென்றால் வாய் திறக்கும். அதன் பிறகு தாள் மாற்றலாம். முதல் வாசிப்பில் பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும். பேனா கையில் இருந்தால் கண் தானாகவே எழுத்துப்பிழைக்குப் போகும். இரண்டாம் வாசிப்பில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதினால் போதும்: இதில் எனக்கு நினைவில் நின்ற வரி எது? எந்த இடத்தில் நின்று மறுபடி படித்தேன்? இன்னும் என்ன தெரிந்துகொள்ள விரும்புகிறேன்? ஒரு பக்கக் கட்டுரைக்கு 15 நிமிடம் ஆகும்.

தவறான திருத்தம் வந்துவிட்டால்? வரும். அதனால்தான் சக மாணவர் சரியான வடிவத்தை எழுதக் கூடாது, சந்தேகமான இடத்தில் கோடு போட்டு ஒரு கேள்விக்குறி வைக்கலாம் என்று விதி வைக்கிறோம். எழுதியவர் அகராதியையோ பாடநூலையோ ஆசிரியரையோ கேட்டு முடிவு செய்வார். சரியாக எழுதியதன் மேல் கேள்விக்குறி விழுந்தாலும் நட்டமில்லை. அது ஏன் சரி என்று அவர் தேடிப் பார்த்திருப்பார்.

ஆசிரியரின் பேனா

1996-இல் ஆய்வாளர் ஜான் ட்ரஸ்காட் ஒரு குண்டைப் போட்டார்: இரண்டாம் மொழி எழுத்தில் இலக்கணத் திருத்தம் பயனற்றது, கெடுதலும்கூட, கைவிடப்பட வேண்டும் என்று எழுதினார். 1999-இல் டானா ஃபெரிஸ் மறுத்தார். எல்லாத் திருத்தமும் ஒன்றல்ல, தேர்ந்தெடுத்து, தெளிவாக, மாணவர் செயல்படும்படி தரப்படும் திருத்தத்தை வேறாகப் பார்க்க வேண்டும் என்றார். அதன் பிறகு குறுகிய இலக்கோடு ஆய்வுகள் வந்தன. நியூசிலாந்தில் ஜான் பிச்சனர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு ஆங்கிலத்தின் 'எ' (a), 'தி' (the) ஆகிய இரண்டின் இரு பயன்பாடுகளை மட்டும் திருத்திப் பார்த்தது. திருத்தம் பெற்றவர்கள் முன்னேறினார்கள், இரண்டு மாதம் கழித்துச் சோதித்தபோதும் அந்த முன்னேற்றம் நின்றது.

விவாதம் முழுதாக ஓயவில்லை என்றாலும் வகுப்பறைக்கு வேண்டியது இதில் இருக்கிறது. 28 பிழையையும் திருத்துவதை நிறுத்துங்கள். ஒரு கட்டுரைக்கு இரண்டு வகை, மிஞ்சினால் மூன்று வகை. எவை என்று எழுதும் முன்பே மாணவருக்குச் சொல்லிவிடுங்கள்.

எந்தப் பிழையை எப்படித் திருத்துவது என்பதற்கு ஃபெரிஸ் காட்டிய பிரிவினை கைகொடுக்கும்: விதி சொல்லி விளக்கக் கூடியவை, விதி சொல்ல முடியாதவை. 'எனக்குப் பசிக்கிறேன்' என்று எழுதினால் மாணவரே கண்டுபிடிக்க வழி உண்டு. பசிப்பது 'நான்' அல்ல, வினை 'கிறது' என்றே முடியும் என்று பாடத்தில் படித்திருப்பார். அங்கே கோடு மட்டும் போட்டு நிறுத்திக்கொள்ளலாம். 'தேர்வு எடுத்தேன்', 'மழை விழுந்தது' என்று எழுதினால் எவ்வளவு யோசித்தாலும் அவருக்குப் பிடிபடாது. மழை ஏன் பெய்கிறது, தேர்வை ஏன் எழுதுகிறோம் என்பதற்கு விதி கிடையாது. வழக்கு, அவ்வளவுதான். அங்கே சரியான சொல்லை நேரடியாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். 'யோசி' என்று ஓரத்தில் எழுதுவது கொடுமை.

கோடு மட்டும் போட்டால் குழம்புபவர்களுக்குக் குறியீடு உதவும். ஆறேழுக்கு மேல் வேண்டாம், நினைவில் நிற்காது. 'கா' என்றால் காலம். 'இ' என்றால் எழுவாயும் பயனிலையும் இயையவில்லை. 'வே' வேற்றுமை உருபு. 'பே' பேச்சு வழக்கு. 'எ' எழுத்துப்பிழை. கேள்விக்குறி, பொருள் புரியவில்லை. பட்டியலை நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடலாம்.

ஒற்றுப் பிழையை இதில் சேர்க்கவில்லை, தெரிந்தேதான். தமிழாசிரியரின் கண் முதலில் போய் நிற்கும் இடம் அதுதான். ஆனால் தொடக்க நிலையில் பொருளைக் குலைப்பதில் அதன் பங்கு மிகச் சிறியது, தாய்மொழிக்காரர்களே தடுமாறும் பகுதியும்கூட. 'அவர்கள் வந்தான்' என்று எழுதுபவரிடம் வல்லினம் மிகும் இடங்களைச் சொல்லிக்கொண்டிருப்பது வரிசை கெட்ட வேலை.

ஒரு பத்தியை எடுத்துப் பார்ப்போம்

மாணவரின் முதல் வரைவு:

போன வாரம் நானும் என் நண்பனும் நூலகம் போனோம். அங்கே நிறைய புத்தகங்கள் இருந்தாங்க. நான் ஒரு கதை புத்தகம் எடுக்கிறேன். நண்பன் எடுக்கல. அவன் சோகமா இருந்தான். அப்புறம் நாங்கள் வீட்டுக்கு வந்தான்.

கை பரபரக்கும். 'இருந்தாங்க'வில் ஒரே இடத்தில் இரண்டு பிழை. விகுதி தவறு, பேச்சு வழக்கு வேறு. 'எடுக்கிறேன்' என்பதில் காலம் தவறு. ஆனால் முதல் சுற்றில் இவற்றைத் தொட வேண்டாம். இந்தப் பத்தியின் பெரிய குறை, நண்பன் ஏன் புத்தகம் எடுக்கவில்லை என்று சொல்லாததுதான். கதையே அங்குதான் இருக்கிறது. இதைச் சக மாணவரே கேட்டுவிடுவார்: 'அவனுக்கு என்ன சோகம்? நீ என்ன செய்தாய்?' இப்போதே விகுதிகளைத் திருத்திக் கொடுத்தால் மாணவர் அந்த ஆறு வாக்கியங்களையும் அழகாக நகல் எடுத்துத் தருவார். திருத்திய வாக்கியத்தை நீக்கவோ பிரிக்கவோ யாருக்கும் மனம் வராது.

இரண்டாம் வரைவில் இப்படி வரலாம்:

போன வாரம் நானும் என் நண்பனும் நூலகம் போனோம். அங்கே நிறைய புத்தகங்கள் இருந்தாங்க. நான் ஒரு கதை புத்தகம் எடுத்தேன். நண்பன் அட்டையை வீட்டில் மறந்துவிட்டான். அதனால் அவன் எடுக்கல. சோகமா இருந்தான். நான் என் அட்டையில் அவனுக்கும் ஒரு புத்தகம் எடுத்தேன். அப்புறம் நாங்கள் வீட்டுக்கு வந்தான்.

'எடுக்கிறேன்' தானாகவே 'எடுத்தேன்' ஆகிவிட்டது. மறுபடி எழுதும்போது இப்படிச் சில பிழைகள் உதிர்வது வழக்கம். அவை தெரியாததால் வந்தவை அல்ல, கவனம் வேறெங்கோ இருந்ததால் வந்தவை. இப்போது ஆசிரியர் இரண்டு வகையை மட்டும் எடுக்கிறார். 'இருந்தாங்க', 'வந்தான்' இரண்டுக்கும் கோடு போட்டு 'இ'. 'எடுக்கல', 'சோகமா' இரண்டுக்கும் 'பே'. ஓரத்தில் ஒரே ஒரு வரி: 'யார் வந்தது? எவை இருந்தன?' மாணவர் 'வந்தோம்', 'இருந்தன', 'எடுக்கவில்லை', 'சோகமாக' என்று தாமே எழுதுவார். 'கதை புத்தகம்' நடுவில் ப் இல்லாமல் இப்போதைக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

கருத்து முதலில், இலக்கணம் பிறகு என்பதைக் கல்வெட்டாகக் கொள்ளத் தேவையில்லை. பிழையால் பொருளே தெரியாத வாக்கியத்தை முதல் சுற்றிலேயே கேட்டுவிட வேண்டும்.

மதிப்பெண், நேரம், மற்ற நடைமுறைகள்

முதல் வரைவுக்கு மதிப்பெண் போடாதீர்கள். ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட சோதனை மொழிப் பாடத்தைப் பற்றியது அல்ல என்றாலும் இங்கே பொருந்தும். கருத்து மட்டும் பெற்ற பிள்ளைகள் அடுத்த வேலையில் ஆர்வத்தோடு முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் கருத்தும் சேர்த்துப் பெற்றவர்களிடம் கருத்தின் பலன் காணாமல் போனது. எண்ணைக் கண்டதும் வேலை முடிந்துவிட்டதாக மனம் முடிவு கட்டிவிடுகிறது. கடைசி வரைவுக்குப் போடலாம். முதல் வரைவிலிருந்து எவ்வளவு மாறியிருக்கிறது என்பதற்கும் அதில் ஒரு பங்கு ஒதுக்கினால், மாணவர்கள் நகல் எடுப்பதை நிறுத்துவார்கள். இணையாக எழுதியதற்கு இருவருக்கும் ஒரே மதிப்பெண் போட்டால் சண்டை வரும். அதே தலைப்பை ஒட்டித் தனியாக ஒரு சிறு பத்தி எழுதவைத்து அதற்கும் மதிப்பெண் தரலாம்.

ஓரக் குறிப்புகளில் 'தெளிவில்லை', 'விரிவாக எழுதுக', 'நன்று' என்பவை எதற்கும் உதவாது. எது தெளிவில்லை? எதை விரிக்க? விவியன் ஸாமெல் 1985-லேயே ஆசிரியர் குறிப்புகளை ஆராய்ந்து, பெரும்பாலும் பொத்தாம்பொதுவாகவும் ஒன்றோடொன்று முரண்பட்டும் இருப்பதைக் காட்டினார். ஒரே வாக்கியத்துக்கு விகுதியைத் திருத்திவிட்டு, பக்கத்திலேயே 'இந்தப் பகுதி தேவையில்லை' என்று எழுதினால் மாணவர் எதைச் செய்வார்?

நேரம்தான் எல்லோருக்கும் முட்டுக்கட்டை. 30 மாணவர், தாளுக்கு 10 நிமிடம் என்றால் 5 மணி நேரம். இரண்டு வரைவு என்றால் 10 என்று பயப்படுவார்கள். முதல் வரைவு சக மாணவர்களோடு முடிந்துவிடுகிறது. இரண்டாவதில் இரண்டு வகைப் பிழை, ஒரு ஓரக்குறிப்பு என்றால் தாளுக்கு 4 நிமிடம், மொத்தம் 2 மணி நேரம். மிஞ்சிய நேரத்தில் மிகவும் தடுமாறும் நாலைந்து பேரோடு ஐந்தைந்து நிமிடம் உட்கார்ந்து பேசலாம். அப்போதும் தாள் மாணவர் பக்கம் இருக்கட்டும், முதலில் அவர் பேசட்டும்: 'எந்த இடம் உனக்கே திருப்தியாக இல்லை?'

திருத்திய வரைவோடு மாணவர் நாலு வரிக் குறிப்பும் தர வேண்டும்: எந்தக் கருத்தை ஏற்றேன், எதை ஏற்கவில்லை, ஏன். ஏற்காமல் இருக்கும் உரிமை முக்கியம். அது இல்லாவிட்டால் எல்லோரும் சொன்னதையெல்லாம் செய்து, கட்டுரை யாருடையது என்றே தெரியாமல் போகும். கூடவே ஒரு பிழைப் பதிவேடு: நான் எழுதியது, சரியான வடிவம், ஏன். அடுத்த கட்டுரையைத் தரும் முன் அந்தப் பக்கத்தை வைத்துத் தன் எழுத்தைச் சரிபார்க்க வேண்டும். பதிவேட்டை மாணவர் திறக்காமலே விட்டுவிடுவதுதான் இதில் வழக்கமாக நடப்பது. வகுப்பிலேயே ஐந்து நிமிடம் ஒதுக்காவிட்டால் அது நடந்தே தீரும்.

இப்போது எழுத்தைத் திருத்தித் தரும் செயலிகளும் உரையாடும் செயற்கை நுண்ணறிவும் எல்லோர் கையிலும் இருக்கின்றன. சிவப்பு மை ஆசிரியர் செய்ததை அவை மூன்று விநாடியில் செய்கின்றன, அதே பலனோடு. 'இதைத் திருத்து' என்று கேட்பதற்குப் பதிலாக 'எந்த வாக்கியங்களில் எழுவாய்க்கும் பயனிலைக்கும் இயைபு இல்லை என்று மட்டும் சொல், சரியான வடிவத்தைச் சொல்லாதே' என்று கேட்டால் அதே கருவி பயிற்றுநராகிறது. அது சொல்வதும் தவறாக இருக்கலாம் என்பதால், சக மாணவரின் கேள்விக்குறிக்கு உள்ள மரியாதையை மட்டும் அதற்குக் கொடுத்தால் போதும்.

ஆசிரியரே இல்லாமல் தனியாகக் கற்பவர்கள் ஒரு துணையைத் தேடிக்கொள்வது நல்லது. அதே மொழியைக் கற்கும் இன்னொருவரானாலும் போதும். வாரம் ஒரு பத்தி, மேலே சொன்ன மூன்று கேள்விகள், இலக்கணத்தில் ஒரே ஒரு வகை. தாய்மொழிக்காரர் ஒருவர் கிடைத்தால், 'சரி பண்ணிக் கொடுங்கள்' என்று கேட்காமல், வாசித்து நின்ற இடங்களில் கோடு போட்டுத் தரச் சொல்லுங்கள். ஏன் தவறு என்று பெரும்பாலும் அவருக்கு விளக்கத் தெரியாது. உறுத்துகிறது என்பது மட்டும் தெரியும். தேவையானதும் அதுதான்.

பின்னூட்டம் காலப்போக்கில் குறைய வேண்டும். முதல் சில கட்டுரைகளில் பிழையின் மேலேயே கோடும் குறியீடும் இருக்கும். பிறகு கோட்டை எடுத்துவிட்டு, பிழை இருக்கும் வரியின் ஓரத்தில் குறியீட்டை மட்டும் வைக்கலாம். அதன் பிறகு அதுவும் இல்லாமல் பக்கத்தின் அடியில் 'கா 2, இ 1' என்று எண்ணிக்கை மட்டும். மூன்றையும் மாணவரே தேடிப் பிடிக்கத் தொடங்கியதும் அந்த வகையைக் கைவிட்டு, அடுத்ததை எடுக்கலாம். ஒற்றுப் பிழையின் முறை அப்போது வரும்.